டேங்குக்குள்ளே இருந்தால் பாதுகாப்புதானே? அம்மா கேட்ட கேள்வி

#1 கணியம்பாடியான்

எல்லாருக்கும் வணக்கம். என் தம்பிக்கு அக்னிவீரில் ஆர்மர்டு கோர் (டேங்க் படை) கிடைத்திருக்கிறது. அகமத்நகருக்கு (இப்போது அகில்யாநகர் என்று பெயர் மாறிவிட்டது) பயிற்சிக்குப் போய் ஆறு வாரம் ஆகிறது. காலாட்படை இல்லை, டேங்க் என்று தெரிந்ததும் அம்மாவுக்கு நிம்மதி. "இரும்புப் பெட்டிக்குள்ளேதானே உட்கார்ந்திருப்பான், அவனுக்கு என்ன ஆகப் போகுது" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தி மகன் வீட்டுக்கு வந்து, உக்ரைனில் ஒரு டேங்கின் தலை அப்படியே பிய்த்துக்கொண்டு தென்னை மர உயரத்துக்குப் போகிற வீடியோவை அம்மா கையில் கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து அம்மா சரியாகத் தூங்கவில்லை. காலையில் காபி கொடுக்கும்போது ஒரே கேள்வி: "அந்த வண்டிதான் நம்ம பையனுக்கும் கொடுப்பாங்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நம்ம மாவட்டத்தில் வீட்டுக்கு ஒரு மிலிட்டரிக்காரர் இருக்கிறீர்கள். பயமுறுத்தாமல், பொய்யும் சொல்லாமல் யாராவது சொல்லுங்கள். உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்ற அந்த வண்டியில் என்னதான் வைத்திருக்கிறார்கள்?

#2 வெயிலூரான்

ப்ரோ, கவலையை விடுங்க. நம்ம அர்ஜுன் டேங்கில் காஞ்சன் கவசம் போட்டிருக்காங்க, ஹைதராபாத் ஆய்வகத்தில் உருவாக்கினது. எதுவும் துளைக்காது. ரஷ்ய வகை டேங்க்குகளான டி-72, டி-90 மேலேயும் வெடிக்கும் செங்கல் மாதிரி பெட்டி பெட்டியாக ஒட்டியிருக்கும். ராக்கெட் வந்து பட்டால் அந்தப் பெட்டி வெளிப்பக்கமாக வெடித்து ராக்கெட்டின் வேகத்தைக் கலைத்துவிடும். அம்மாவிடம் இதைச் சொல்லுங்க.

#3 பழைய டிரைவர்

நான் கம்மவான்பேட்டை. எங்கள் ஊரை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், தெரிந்திருக்கும். டி-72இல் டிரைவராகப் பதினேழு வருஷம். இப்போது கேன்டீன் வரிசையில் நிற்பதும் மருமகளுக்குக் கத்திரிக்காய் வாங்கி வருவதும்தான் வேலை.

வெயிலூரான் தம்பி, "எதுவும் துளைக்காது" என்ற வார்த்தையை எந்த டேங்க்காரனும் சொல்ல மாட்டான். துளைக்கும். முன்பக்கம் துளைக்காதது பக்கவாட்டில் துளைக்கும், பக்கத்தில் துளைக்காதது மேலே துளைக்கும். டேங்கில் எல்லாப் பக்கமும் ஒரே தடிமன் கவசம் போட்டால் அது நகராது. அதனால் முன்முகத்துக்குத்தான் பெரும்பங்கு. பின்பக்கமும் மேற்கூரையும் ஏழை வீட்டுக் கதவு மாதிரிதான்.

நாங்கள் கேட்கும் கேள்வியே வேறு. துளைத்து உள்ளே வந்துவிட்டது, சரி. அப்புறம் என்ன ஆகும்? உள்ளே என்ன எரியும், எவ்வளவு நேரத்தில் எரியும், அதற்குள் நான் வெளியே போக வழி இருக்கிறதா? ஒரு வண்டி நல்ல வண்டியா இல்லையா என்பது இதில்தான் தெரியும்.

டிரைவர் இடத்தைச் சொல்கிறேன், மற்றதை ஆவடி டேங்க் தொழிற்சாலைக்காரர்கள் சொல்லட்டும். டி-72இல் டிரைவர் நடுவில், முன்னால், கிட்டத்தட்ட படுத்த மாதிரி உட்கார்ந்திருப்பான். தலைக்கு மேலே ஒரே ஒரு ஹேட்ச், அதாவது மூடி போட்ட வாசல். டரட் (பீரங்கியோடு சுற்றும் டேங்கின் தலை) எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்து மேலே பீரங்கிக் குழல் வந்து நின்றால் அந்த ஹேட்ச் வழியே வெளியே வர முடியாது. அதற்காக சீட்டுக்குப் பின்னால் தரையில் ஒரு அவசர வழி உண்டு. அதைத் திறந்து, வண்டிக்கு அடியில் நழுவி, வயிற்றால் ஊர்ந்து வெளியே வர வேண்டும். பயிற்சியில் கண்ணைக் கட்டிக்கொண்டு அந்தப் பிடியைத் தடவிக் கண்டுபிடித்தோம். முதல் தடவை எனக்குப் பிடி கிடைக்கவே இல்லை. பயிற்சி தரும் உஸ்தாத் வெளியே நின்று இரும்பில் தட்டித் தட்டி, "நீ செத்துட்டே, மறுபடி வா" என்றார். அந்தப் பயிற்சிதான் என்னைப் பொறுத்தவரை பெரிய கவசம்.

விளம்பரத்தில் வராத ஒரு பாதுகாப்பும் உண்டு. டிரைவர் ஹேட்ச் திறந்திருந்தால் கன்னர் (பீரங்கி சுடுகிறவர்) என்ன அழுத்தினாலும் டரட் மின்விசையில் சுற்றாது. இல்லாவிட்டால் தலையை வெளியே நீட்டியிருக்கிற டிரைவரின் கழுத்து என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இதெல்லாம் எவனோ ஒருவன் செத்த பிறகு வைத்த பூட்டுகள்.

#4 மக்கன்பேடா

டிரைவர் ஐயாவுக்கு சல்யூட். ஒரு சின்ன ஊர்ப் பெருமை: நம் நாட்டின் மிகப் பழைய கவச ரெஜிமென்டான 16 லைட் கேவல்ரியின் வேர் ஆற்காடு நவாபின் குதிரைப்படையில்தான். குதிரையிலிருந்து இறங்கி டேங்கில் ஏறினவர்கள் நம்ம ஊர்க்காரர்கள். சரி, சம்பந்தமில்லாமல் பேசிவிட்டேன், தொடருங்கள்.

#5 அரக்கோணம் பாஸ்ட் லோக்கல்

மக்கன்பேடா, சம்பந்தம் இருக்கிறது. நான் முப்பது வருஷம் அரக்கோணத்தில் ரயில் ஏறி ஆவடிக்குப் போய் டேங்க் வேலை பார்த்தவன். எங்கள் பெட்டியில் பாதிப் பேர் இதே வேலைதான். சீட்டாட்டத்துக்கு நடுவே நாங்கள் பேசாத டேங்க் விஷயம் இல்லை.

அம்மா பார்த்த வீடியோவுக்கு வருகிறேன். டரட் ஏன் பறக்கிறது? டி-72இல் லோடர் என்று ஒரு ஆள் கிடையாது, மூன்றே பேர். குண்டை இயந்திரமே ஏற்றும். அந்த இயந்திரம் டரட்டுக்கு அடியில், தரையில், ராட்டினம் மாதிரி வட்டமாக இருக்கும். அதில் 22 குண்டும் அவற்றைத் தள்ளும் வெடிமருந்தும். அதற்கு மேலேதான் கமாண்டரும் கன்னரும் உட்கார்ந்திருக்கிறார்கள். மருந்து வைத்திருக்கும் உறையும் சுடும்போது எரிந்துபோகிற வகை, அடியில் உள்ள இரும்புத் துண்டு மட்டும்தான் மிஞ்சும். எரியவென்றே செய்த பொருள். ஒன்று பற்றினால் அடுத்தது, அதற்கடுத்தது. மூடிய பாத்திரத்தில் அழுத்தம் ஏறினால் விசில் எங்கே போகும்? மேலே. அந்த விசில்தான் டரட்.

ஆனால் ஒன்று. ராட்டினம் தாழ்வாக இருப்பதால் அதில் நேராக அடி விழுவது குறைவு. உண்மையான வில்லன் மிச்ச குண்டுகள். 22 போக இன்னும் ஏறக்குறைய அதே அளவு குண்டை ஆட்களைச் சுற்றி, பெட்ரோமாக்ஸ் விளக்குக்குப் பக்கத்தில் பட்டாசுப் பெட்டியை அடுக்கின மாதிரி, கிடைத்த இடத்திலெல்லாம் செருகி வைப்பார்கள். முதலில் பற்றுவது பெரும்பாலும் அவைதான். செச்னியாவில் அடிபட்ட பிறகு ரஷ்யர்களே ராட்டினத்தில் உள்ளது மட்டும் போதும் என்ற முடிவுக்கு வந்தார்கள். தம்பிக்கு ஒரு நாள் கமாண்டர் "22 போதும்" என்று சொன்னால் அது கஞ்சத்தனம் இல்லை என்று தெரியட்டும்.

இதற்கு மாற்று வழி அமெரிக்க ஆப்ராம்ஸ். அதில் நாலு பேர். குண்டுகள் டரட்டின் பின்பக்கம் ஒரு தனி அறையில். நடுவில் இரும்புக் கதவு, லோடர் முழங்காலால் தள்ளினால் திறக்கும், உடனே மூடிக்கொள்ளும். அந்த அறையின் கூரை மட்டும் வேண்டுமென்றே பலவீனம். உள்ளே வெடித்தால் கூரைத் தகடுகள் பிய்த்துக்கொண்டு நெருப்பு வானத்தைப் பார்த்துப் போகும், ஆட்கள் இருக்கும் பக்கம் வராது. நம் அர்ஜுனிலும் இதே சிந்தனைதான், மார்க் 1ஏ-வில் ஒவ்வொரு குண்டுக்கும் தனி மூடி வைத்த பெட்டியே உண்டு. ஜெர்மனியின் லியோபார்டு 2 டேங்க் பாதிக் கிணறு தாண்டினது. பின்னறையில் 15 குண்டு, ஆனால் டிரைவர் பக்கத்தில் 27 குண்டு, அதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 2016 டிசம்பரில் சிரியாவின் அல்-பாப் ஊரில் துருக்கிக்காரர்கள் ஓட்டின லியோபார்டுகளுக்கு என்ன ஆனது என்று பார்த்தால் தெரியும்.

அப்படியானால் எல்லா டேங்கையும் அப்படியே செய்யலாமே என்று கேட்பீர்கள். விலை எடையில் கொடுக்க வேண்டும். பின்னறை வைத்தால் டரட் நீளும், நாலாவது ஆளுக்கு இடம் வேண்டும், அந்த இடத்தைச் சுற்றிக் கவசம் வேண்டும். டி-72 சுமார் 41 டன். அர்ஜுன் மார்க் 1 58.5 டன், மார்க் 1ஏ 68 டன். பாலம் தாங்குமா, ரயில் வேகனில் ஏறுமா, பஞ்சாப் கால்வாய்க் கரையில் இறங்கி ஏறுமா என்ற சண்டை எல்லாம் இதிலிருந்து வந்ததுதான். நான் அர்ஜுன் கட்சி. எங்கள் பெட்டியில் எதிர்க்கட்சியும் பலமாக இருந்தது.

#6 வெயிலூரான்

சார், நான் எழுதினதில் அவசரப்பட்டுட்டேன். ஆனா ஒரு டவுட்டு. அப்போ பழைய காலத்து டேங்க் எல்லாம் எப்படி? இரண்டாம் உலகப் போரில் இந்தக் கதவு, கூரை எதுவும் கிடையாதே?

#7 அரக்கோணம் பாஸ்ட் லோக்கல்

நல்ல கேள்வி. அமெரிக்காவின் ஷெர்மன் டேங்க் பற்றி எரிவதற்கே பேர் போனது. எல்லாரும் பெட்ரோல் இன்ஜின்தான் காரணம் என்று நம்பினார்கள். பார்த்தால் குண்டு அடுக்கின இடம்தான் காரணம். அதனால் 1944இல் குண்டுகளை டேங்கின் தரைமட்டத்துக்கு இறக்கி, சுற்றிலும் தண்ணீர்க் கலவை நிரப்பின பெட்டிக்குள் வைத்தார்கள். போர் முடியும்போது அமெரிக்க ராணுவம் கணக்கெடுத்தது: பழைய முறையில் அடுக்கின ஷெர்மன் துளைபட்டால் 60 முதல் 80 சதவீதம் எரிந்தது, தண்ணீர்ப் பெட்டி வைத்ததில் 10 முதல் 15 சதவீதம்தான். கவசத்தைக் கூட்டி இதைச் சாதிக்கவில்லை, குண்டின் இடத்தை மாற்றித்தான் சாதித்தார்கள். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த கணக்கு இது.

#8 கணியம்பாடியான்

ஐயா, அண்ணே, நன்றி. அம்மாவிடம் விசில் உதாரணத்தைச் சொல்லவில்லை, சொன்னால் குக்கரைத் தொட மாட்டார். நெருப்பு பற்றினால் அணைக்க எதுவும் கிடையாதா? நம்ம பஸ்ஸில் இருக்கிற சிவப்பு சிலிண்டர் மாதிரியாவது?

#9 பழைய டிரைவர்

இருக்கிறது தம்பி. ஆனால் கையால் எடுத்து அடிக்க நேரம் இருக்காது.

குண்டு துளைத்து உள்ளே வரும்போது டீசல் டேங்கையும் கிழித்தால், டீசல் கொட்டாது. பனி மாதிரித் தூவும். அந்தத் தூவல் பற்றினால் கண் சிமிட்டும் நேரத்தில் உள்ளே ஒரே தீப்பந்து. உடம்பு எரிவதற்கு முன்னால் மூச்சு எரியும். அதனால் இப்போதைய வண்டிகளில் கண் மாதிரி உணர்கருவிகள் வைக்கிறார்கள். தீயிலிருந்து வரும் புற ஊதா, அகச்சிவப்பு ஒளியைச் சில மில்லி நொடிகளிலேயே பார்த்துவிடும். தீயணைக்கும் வாயு பாட்டில் தானே திறந்து, எல்லாம் கால் நொடிக்குள் முடிந்துவிடும். வெயிலையும் சிகரெட் நெருப்பையும் பார்த்து ஏமாறக் கூடாது, அது ஒரு தனி வித்தை. டெல்லியில் டிஆர்டிஓவின் (ராணுவ ஆராய்ச்சி அமைப்பு) தீப் பாதுகாப்பு ஆய்வகம் நம் வண்டிகளுக்காகவே இப்படி ஒன்றைச் செய்திருக்கிறது.

முன்பு அந்தப் பாட்டிலில் ஹேலான் வாயு. தீயை அணைக்கும், ஆளைக் கொல்லாது. ஆனால் ஓசோனைத் தின்னும் என்று 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு அதற்கு முடிவு கட்டி, வேறு வாயுக்களுக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம் உடை. டேங்க்காரர்கள் போடும் எங்கள் கறுப்பு டங்கரி உடை வெறும் அலங்காரம் இல்லை. உள்ளே நைலான் பனியன், நைலான் சாக்ஸ் போடாதே என்று கத்துவார்கள். நைலான் எரிவதோடு நிற்காது, உருகும். உருகித் தோலோடு ஒட்டும். பருத்தி போடு. மே மாதம் ராஜஸ்தான் மணலில் அந்த டங்கரிக்குள், அந்த இரும்புக்குள் உட்கார்ந்தால் வேலூர் கத்திரி வெயில் ஊட்டி மாதிரித் தெரியும். வெளித் தகட்டில் வெறுங்கை வைக்க முடியாது. மயங்கி விழுந்தவனை மேல் ஹேட்ச் வழியாகத் தூக்கி எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று தூக்கினவனுக்குத்தான் தெரியும். உள்ளே குளிர்வசதி வைப்பது சொகுசு இல்லை, அதுவும் ஆளைக் காக்கிற கருவிதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1971 டிசம்பர் 16 பசந்தர் சண்டையில் அருண் கேதர்பால் கமாண்டராக இருந்த செஞ்சூரியன் டேங்க் தீப்பிடித்தது. வயர்லெஸ்ஸில் வெளியே வரச் சொன்னார்கள். பீரங்கி இன்னும் வேலை செய்கிறது என்று வர மறுத்தார். அங்கேயே இறந்தார், பரம்வீர் சக்ரா. வயது 21. அந்தக் கதையை எங்களுக்கு எல்லா வருஷமும் சொல்வார்கள், கண் கலங்கும். அதே உஸ்தாத் மறுநாள் காலை ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு, எத்தனை நொடியில் வெளியே வருகிறாய் என்று எண்ணுவார். இரண்டும் சேர்ந்ததுதான் படை.

#10 சுண்ணாம்புக்கல்

நடுவில் வருகிறேன். நான் குவாரியில் வெடி வைக்கிற லைசென்ஸ்காரன், காட்பாடிப் பக்கம். அரசு வெடிமருந்துத் தொழிற்சாலையையே நம்ம காட்பாடியில்தான் அமைத்தார்கள். டேங்க் தெரியாது, ஆனால் கீழே இருந்து வெடித்தால் என்ன ஆகும் என்பது தெரியும். கண்ணிவெடியைத் தாங்கும் வண்டிகளைப் பற்றி யாரும் பேசவில்லையே.

குழி போட்டு மருந்து வைத்து மேலே மண்ணை நன்றாக இறுக்கினால் வெடி அகலமாகப் போகாது, புனல் மாதிரி மேல்நோக்கிப் போகும். மண் ஈரக்களி என்றால் இன்னும் மோசம், மண்ணே சுத்தியலாக மாறும். இப்போது அதற்கு மேலே தட்டையான அடிப்பாகம் கொண்ட ஜீப் வந்தால் முழு அடியும் நேராக வாங்கும். அடிப்பாகத்தைப் படகு மாதிரி, அதாவது கீழே கூராகவும் பக்கவாட்டில் சரிவாகவும் செய்தால் அடி இரு பக்கமும் வழுக்கிப் போகும். தரையிலிருந்து உயரமாகவும் தூக்கினால் இன்னும் நல்லது. ரொடீசியாவிலும் (இப்போது ஜிம்பாப்வே) தென்னாப்பிரிக்காவிலும் செய்து பார்த்த வித்தை. அவர்களுடைய காஸ்பிர் வண்டியைப் பார்த்துத்தான் நாம் மேடக்கில் ஆதித்யா வண்டி செய்தோம். காஸ்பிர் சக்கரத்துக்கு அடியில் 21 கிலோ டிஎன்டி, வயிற்றுக்கு அடியில் 14 கிலோ தாங்கும் என்று கணக்கு. சக்கரம் பறக்கும், பறக்கத்தான் வைத்தது. வேறு சக்கரம் மாட்டிக்கொண்டு வரலாம்.

ஆனால் எதிரியும் கணக்கு தெரிந்தவன். வண்டி தாங்கும் அளவுக்கு மேலே மருந்து வைத்தால் படகாவது கப்பலாவது. 2018 மார்ச்சில் சத்தீஸ்கரின் சுக்மாவில் கண்ணிவெடி தாங்கும் வண்டியிலேயே போன சிஆர்பிஎஃப் வீரர்கள் 9 பேர் இறந்தார்கள். 1993 ஏப்ரல் 9 பாலாறு குண்டுவெடிப்பும் நமக்கு மறக்காது, வீரப்பன் வைத்தது, 22 பேர். (அந்தப் பாலாறு மேட்டூர்ப் பக்கம், நம்ம பாலாறு இல்லை. வருஷா வருஷம் யாராவது குழப்பிக்கொள்கிறார்கள்.) அவர்கள் போனது சாதாரண வண்டிகள்.

#11 பாகாயம் பிசியோ

சுண்ணாம்புக்கல் அண்ணன் வெடியை விளக்கினார், நான் உடம்பை விளக்குகிறேன். முதுகுத்தண்டு அடிபட்டவர்களோடு வேலை செய்கிறேன். நம்ம ஊரில் அதற்குக் குறை இல்லை. பனை ஏறி விழுந்தவர், புளி உலுக்க ஏறி விழுந்தவர், மாடியில் சாரம் கட்டி விழுந்தவர். காலால் தரை தொட்ட ஆளை எக்ஸ்ரே எடுத்தால் குதிகால் எலும்பு நொறுங்கியிருக்கும், இடுப்புக்கு மேலே முதுகெலும்பு ஒன்று அமுங்கியிருக்கும். இரண்டும் சேர்ந்தே வரும். அதனால் குதிகால் உடைந்து வந்தால் முதுகையும் பார்க்காமல் விடக் கூடாது என்று எங்களுக்கு முதலிலேயே சொல்லித் தருவார்கள்.

கண்ணிவெடியில் நடப்பதும் அதேதான், தலைகீழாக. அங்கே ஆள் தரையில் விழுவதில்லை, தரை ஆள்மேல் வந்து விழுகிறது. வண்டியின் அடித்தகடு சில மில்லி நொடிகளில் மேலே வீங்கும், அதில் பாதம் வைத்திருந்தால் குதிகாலும் கணுக்காலும் போய்விடும். அப்புறம் வண்டியே எழும்பும், சீட் முதுகுத்தண்டை அமுக்கும். அப்புறம் வண்டி கீழே விழும், பெல்ட் போடாதவன் தலை கூரையில் மோதும். ஒரே வெடியில் மூன்று அடி.

அதனால்தான் நல்ல வண்டிகளில் சீட்டைத் தரையில் திருகு போட்டு வைப்பதில்லை. கூரையிலோ சுவரிலோ தொங்கவிடுவார்கள், உள்ளே அழுத்தத்தைத் தின்று மெதுவாக அமுங்கும் பாகம் இருக்கும். கால் வைக்கும் பலகையும் சீட்டோடு தொங்கும், தரையைத் தொடாது. வண்டிகளைச் சோதிக்க நேட்டோ நாடுகளில் ஒரு தரவரிசை உண்டு. 6 கிலோ, 8 கிலோ, 10 கிலோ என்று வெடி வைத்து, உள்ளே பொம்மையை உட்காரவைத்து, அதன் முதுகிலும் காலிலும் எவ்வளவு விசை இறங்கியது என்று அளப்பார்கள். தகடு கிழியவில்லை என்பது மட்டும் போதாது. தகடு கிழியாமலே உள்ளே இருப்பவன் வாழ்நாள் முழுக்க வீல்சேரில் உட்காரலாம்.

கணியம்பாடி அண்ணா, தம்பியிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். பெல்ட். "இவ்வளவு பெரிய வண்டியில் பெல்ட் எதற்கு" என்று நினைக்கிறவர்களைத்தான் நான் பார்க்கிறேன், அவர்கள் ஓட்டினது ஆட்டோவாக இருந்தாலும் சரி.

#12 வெயிலூரான்

அக்கா/அண்ணா யாரோ தெரியலை, பயங்கரமாக விளக்கிட்டீங்க. "தகடு கிழியாமலே" என்றதும் ஞாபகம் வந்தது. வெளியே குண்டு பட்டு, துளைக்காமலே உள்பக்கம் இரும்புத் துணுக்குகள் தெறிக்கும்னு படிச்சிருக்கேன். அது உண்மையா?

#13 அரக்கோணம் பாஸ்ட் லோக்கல்

உண்மை. பழைய வீட்டுச் சுவரில் இந்தப் பக்கம் சுத்தியலால் ஆணி அடித்தால் அந்தப் பக்கம் பூச்சு உதிருமே, அதே கதை. அர்ஜுன் பீரங்கி சுடும் ஹெஷ் குண்டு வேண்டுமென்றே இதைத்தான் செய்கிறது, சாணி மாதிரி அப்பி, அப்புறம் வெடிக்கும். அதற்குத்தான் உட்சுவரில் கெவ்லார் மாதிரி துணி அடுக்குகளைத் தடித்த விரிப்பாக ஒட்டுகிறார்கள். துணுக்கு தெறித்தாலும் விரிப்பில் சிக்கும், தெறிக்கிற கோணமும் குறையும். மூன்று பேருக்குப் பதில் ஒருவருக்கு அடிபடும். ஒரு பாய் விரித்த மாதிரி சாதாரணமாகத் தெரியும், ஆனால் டேங்குக்குள்ளே நான் தொட்டுப் பார்க்கும் முதல் விஷயம் அதுதான்.

#14 மக்கன்பேடா

டிரோன் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. இப்போது டேங்க்குகளின் தலைமேல் கோழிக்கூண்டு மாதிரி கம்பி கட்டிக்கொண்டு போகிறார்களே, அது உதவுமா?

#15 வெயிலூரான்

இதுக்கு நான் சொல்றேன், இது என் ஏரியா. சில சமயம் உதவும். சின்ன டிரோன் கூண்டில் பட்டு முன்னாடியே வெடிச்சா நல்லது. ஆனா ஜாவலின் மாதிரி மேலிருந்து குத்தும் ஏவுகணைக்குக் கூண்டு வெறும் கொசுவலைதான். வருகிற குண்டை வழியிலேயே அடிச்சு வீழ்த்துகிற முறையும் உண்டு. இஸ்ரேல்காரன் ட்ரோஃபின்னு ஒண்ணு மெர்காவா டேங்கில் போட்டான், 2011 மார்ச்சில் காசா எல்லையில் முதல் தடவை நிஜச் சண்டையில் வேலை செய்தது. நாலு பக்கமும் ரேடார், ராக்கெட் வருவதைப் பார்த்ததும் எதிரே ஒரு வெடிப்பை அனுப்பும். பக்கத்தில் நடந்து வரும் காலாட்படைக்காரன் கவனமா இருக்கணும், அது ஒரு சிக்கல்.

மெர்காவாவைப் பற்றி இன்னொன்று. 1973 போரில் ஆட்களை நிறைய இழந்த பிறகு செய்த டேங்க் அது. இன்ஜினையே முன்னாடி வைத்து, பின்னாடி ஒரு கதவு வைத்தார்கள். மேலே ஏறி எதிரியின் துப்பாக்கிக்கு முகம் காட்டாமல் பின்வாசல் வழியே இறங்கிப் போகலாம்.

#16 பழைய டிரைவர்

பின்வாசல் என்றதும் சிரிப்பு வந்தது தம்பி. காலாட்படையை ஏற்றிப் போகும் நம் பிஎம்பி-2 கவச வண்டிக்கும் பின்வாசல் உண்டு. அவர்கள் அதன் வழியேதான் இறங்குவார்கள். அந்தக் கதவுக்குள்ளே டீசல் நிரப்பிவைத்திருக்கிறார்கள் என்று தெரியுமா? கதவே டேங்கி. பக்கத்து வண்டிக்காரர்களிடம் "உங்க வாசல்ல எத்தனை லிட்டர்" என்று கேட்டுக் கிண்டல் செய்வோம்.

கடைசியாக ஒன்று, எதிரியே இல்லாமல் நடப்பது. 2022 அக்டோபரில் பபீனாவில் வருடாந்திரச் சுடுபயிற்சியில் டி-90 குழல் வெடித்து இருவர் போனார்கள். 2024 ஜூன் 28 லடாக்கில், ஷ்யோக் ஆற்றைக் கடக்கும்போது வெள்ளம் திடீரென்று ஏறி டி-72 சிக்கி ஐந்து பேர் போனார்கள். தயாரிப்பு இல்லாமல் டி-72 ஒன்றேகால் மீட்டர் தண்ணீர் வரைதான் இறங்கும். காற்று இழுக்கும் ஸ்நார்கல் குழாய் மாட்டி, எல்லா ஓட்டையும் அடைத்தால் ஐந்து மீட்டர் ஆழத்தில் ஆற்றுத் தரையில் ஊர்ந்தே போகலாம். அதற்கு மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டு தொட்டியில் பயிற்சி எடுப்போம். தண்ணீர் கழுத்து வரை வந்த பிறகுதான் ஹேட்ச்சைத் திறக்க முடியும், வெளியிலிருந்து தண்ணீர் அழுத்துமே. அதுவரை உள்ளே தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டும். எனக்கு இன்னும் ஏரியில் கால் நனைத்தால் அந்த நினைப்பு வரும். வானிலையும் ஆறும் பனியும் எந்தக் கவசத்தையும் மதிப்பதில்லை.

எனக்கு நடந்தது இவ்வளவு பெரிதில்லை. ஒரு நாள் கமாண்டர் ஹேட்ச் பூட்டு தேய்ந்திருந்தது. எழுதிக் கொடுத்தோம், பொருள் வரவில்லை, "அடுத்த வாரம்" என்றார்கள். மேடு ஏறும்போது மூடி விழுந்தது. விளிம்பில் என் இடது கை. இரண்டு விரல் நகம் இன்றைக்கும் முளைக்கவில்லை, குளிர்காலத்தில் வலிக்கும். சண்டையில் அடிபட்டதா என்று பேரன் கேட்பான். ஆமாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

#17 கணியம்பாடியான்

எல்லாவற்றையும் படித்துவிட்டு இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். தம்பி நேற்று ராத்திரி போன் பண்ணினான். ஐந்து நிமிஷம்தான் பேச விட்டார்கள். என்ன வண்டி என்று இன்னும் தெரியாதாம். நைலான் பனியன் போடாதே, பெல்ட் போடு, தரை வழியைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பழகு, ஹேட்ச் பூட்டு தேய்ந்திருந்தால் ஏறாதே என்று மூச்சுவிடாமல் சொன்னேன். "அண்ணா, உனக்கு யார் இதெல்லாம் சொன்னது? நேத்துதான் எங்க உஸ்தாத் சொன்னாரு" என்று சிரித்தான்.

அம்மாவிடம் ஷெர்மன் கதையைச் சொன்னேன், குண்டு இருக்கிற இடத்தை மாற்றினதும் எரிவது குறைந்துவிட்டது என்று. கேட்டுக்கொண்டே இருந்தவர் எழுந்து போய், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்த மண்ணெண்ணெய் கேனை எடுத்துக் கொல்லைப்புறம் வைத்துவிட்டு வந்தார். பிறகு, "அவனுக்குப் பருத்தி பனியன் நாலு வாங்கி அனுப்பு" என்றார். கேன்டீனில் கிடைக்குமா, டிரைவர் அண்ணே?

#18 பழைய டிரைவர்

கிடைக்கும். அளவு சொல்லு, திங்கட்கிழமை வரிசையில் நிற்கத்தான் போகிறேன்.